ரெண்டு ஜிபியு சர்வர் வருது, அறை தாங்குமா? அவசரம்

துறைலேப்:
எட்டு எச்100 ஜிபியு கார்டு (ஏஐ கணக்கு போடற சிப்) போட்ட சர்வர் ரெண்டு வாங்கப் போறோம். 40 கேவிஏ யுபிஎஸ், 2 டன் ஸ்ப்ளிட் ஏசி ரெண்டு இருக்கு. போதும்தானே? நாளைக்கு பர்ச்சேஸ் கமிட்டி.

கரண்ட்கம்பி:
எந்த மாடல்? யுபிஎஸ் பவர் ஃபேக்டர், அதாவது கேவிஏல எவ்வளவு பங்கு கிலோவாட்டா கிடைக்கும்ங்கறது, என்ன? 0.8ன்னா 32 கிலோவாட்தான். இப்ப அதுல எவ்வளவு லோடு ஓடுது?

குளிர்பெட்டி:
யுபிஎஸ் கிடக்கட்டும், ஏசிதான் காலை வாரும். என்விடியாவோட டிஜிஎக்ஸ் எச்100 சர்வர்ன்னா உச்சத்துல ஒண்ணு 10.2 கிலோவாட், அத்தனையும் சூடாத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி 3.517 கிலோவாட் சூட்டைத்தான் எடுக்கும். ரெண்டு பெட்டிக்கு மட்டும் 5.8 டன், உங்ககிட்ட இருக்கறது 4. அதுவும் வெளியே 35 டிகிரிக்குப் போட்ட கணக்கு. மே மாசம் மொட்டை மாடியில அந்த 4 டன் கிடைக்காது.

மூத்தஅட்மின்:
நேம்பிளேட்டை (பெட்டியில போட்ட உச்ச அளவை) பார்த்து மிரள்றது கத்துக்குட்டி வேலை தம்பி. நிஜ லோடு 60 சதவீதம் தாண்டாது. முதல்ல கிளஸ்டர்னா (சேர்ந்து ஓடற சர்வர் கூட்டம்) என்னன்னு படிச்சுட்டு வாங்க.

குளிர்பெட்டி:
ஐயா, அது பல பேர் பங்கு போடற சிபியு கிளஸ்டர் கணக்கு. ஏஐ மாடல் டிரெய்னிங் ஓடினா எட்டு கார்டும் ஒரே நேரத்துல தலா 700 வாட் இழுக்கும், அதுவே 5.6 கிலோவாட். விடிய விடிய இறங்காது.

மூத்தஅட்மின்:
கார்டோட பவர் லிமிட்டை 500 வாட்டுக்கு இறக்கத் தெரியாதா?

கரண்ட்கம்பி:
இறக்கலாம், பெட்டிக்கு 1.6 கிலோவாட் மிச்சம். ரீபூட் ஆனா 700க்கே திரும்பிடும், ஸ்டார்ட்டப்ல போட்டு வைக்கணும். இன்னொண்ணு: டிஜிஎக்ஸ்ல பவர் சப்ளை ஆறு, முழு வேகத்துக்கு நாலு வேணும். மூணு மூணா ரெண்டு ஃபீட்ல (தனித்தனி கரண்ட் லைன்ல) பிரிச்சா, ஒரு லைன் போனதும் வேகம் படுத்துடும்.

துறைலேப்:
டிஜிஎக்ஸ்தான். 0.8தான். பழைய கிளஸ்டரும் அதே அறைலதான், சொல்ல விட்டுட்டேன். யுபிஎஸ் டிஸ்ப்ளேல இப்பவே 11 கிலோவாட்.

கரண்ட்கம்பி:
இதை முதல்லயே சொல்லக்கூடாதா! 11 + 20.4 = 31.4. யுபிஎஸ் கழுத்து வரைக்கும் ரொம்பிடுச்சு. குளிர்ச்சிக்கு 9 டன்.

குளிர்பெட்டி:
ஏசி யுபிஎஸ்ல இருக்கா, ஜெனரேட்டர்லயா? கரண்ட் போனா சர்வர் யுபிஎஸ்ல ஓடிக்கிட்டே இருக்கும். ஜெனரேட்டர் வந்தாலும் கம்ப்ரஸர் மூணு நிமிஷம் கழிச்சுத்தான் ஏறும், ஆட்டோ ரீஸ்டார்ட் இல்லேன்னா ஏறவே ஏறாது. டிஜிஎக்ஸுக்கு உள்ளே வர்ற காத்து 30 டிகிரி தாண்டக் கூடாது.

துறைலேப்:
ஒண்ணுதான் வாங்கறோம். நன்றி.

குளிர்பெட்டி:
ஒண்ணுக்கே 21.2 கிலோவாட், 6 டன். இன்னொரு 2 டன் ஏசியும், ஸ்டாண்ட்பைக்கு ஒண்ணும் அதே கமிட்டியிலயே கேட்டுடுங்க. ஏசி யுபிஎஸ்லயா இல்லையான்னு இன்னும் சொல்லல?