ஆர்ண்ட்டின் பெயரைப் பல்கலைக்கழகம் கைவிட்டது நியாயமா?

பொருநைச்செல்வன்:

ஜெர்மனியின் வடகிழக்கு மூலையில் உள்ள கிரைப்ஸ்வால்ட் பல்கலைக்கழகம் 1456இல் தொடங்கப்பட்டது. கவிஞரும் கதைசொல்லியுமான எர்ன்ஸ்ட் மோரிட்ஸ் ஆர்ண்ட்டின் பெயரைப் பல பத்தாண்டுகள் தாங்கியிருந்த அந்நிறுவனம், ஊர்மக்களின் எதிர்ப்பையும் மீறி 2018இல் அப்பெயரைக் கைவிட்டது. இதை நான் அநீதி என்றே கருதுகிறேன்.

ஆர்ண்ட் யார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1769 டிசம்பர் 26 அன்று, அப்போது சுவீடனின் ஆட்சியில் இருந்த ரூகன் தீவில் பிறந்தவர். அவருடைய தந்தை புட்புஸ் பிரபுவின் பண்ணையடிமையாக இருந்து, பணம் கட்டி விடுதலை பெற்றவர். அத்தகைய வீட்டுப் பிள்ளை படித்து, கிரைப்ஸ்வால்ட்டிலேயே வரலாறு கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்தார். உயர்ந்த பிறகும் தான் வந்த இடத்தை மறக்காமல், அதை அடுத்த கடற்கரைப் பகுதியான பொமரேனியாவிலும் ரூகனிலும் நிலவிய பண்ணையடிமை முறையின் வரலாற்றை 1803இல் நூலாக எழுதினார். நிலக்கிழார்கள் கொதித்தெழுந்து சுவீடன் மன்னர் நான்காம் குஸ்தாவ் அடால்ப் வரை முறையிட்டார்கள். விளக்கம் கேட்கப்பட்டபோது, பண்ணையார்களின் கொடுமைகளைச் சொல்லும் பத்திகளை ஆர்ண்ட் அடிக்கோடிட்டுக் கொடுத்தார் என்றும், அவற்றைப் படித்த மன்னர் இந்த மனிதர் சொல்வது சரிதான் என்று வழக்கைக் கைவிட்டார் என்றும் அவருடைய நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன. 1806இல் அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. தான் ஆசிரியராக இருந்த இடத்தில் அவர் பெயர் இருக்கக் கூடாது என்றால், வேறு யார் பெயர் இருக்கலாம்?

யாழ்மொழி:

நண்பர் பொருநைச்செல்வன் அவர்களே, 1803ஆம் ஆண்டின் ஆர்ண்ட்டை நானும் மதிக்கிறேன். ஆனால் அப்பெயர் பல்கலைக்கழகத்துக்குச் சூட்டப்பட்டது எப்போது என்பதை நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், 1933 மே மாதத்தில், நாஜித் தலைவர் கோரிங்கின் கீழிருந்த, ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் அரசு தந்த ஒப்புதலோடு அது சூட்டப்பட்டது. பண்ணையடிமைகளின் விடுதலைக்காக எழுதிய ஆசிரியரைக் கௌரவிக்க அன்றைய ஆட்சியாளர்கள் அப்படிச் செய்யவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது 1813ஆம் ஆண்டின் ஆர்ண்ட்.

அந்த ஆண்டில் அவர் தேசவெறுப்பைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். பிரெஞ்சுக்காரர் மீதான வெறுப்பு இந்தப் போரோடு முடிந்துவிடக் கூடாது, அது நெடுங்காலம் நிலைக்க வேண்டும், ஜெர்மானிய மக்களின் மதமாகவே அது கனன்றுகொண்டிருக்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். நாட்டு ஒற்றுமையின் கீதமாகப் பின்னாளில் ஊர்தோறும் பாடப்பட்ட ‘ஜெர்மானியனின் தாயகம் எது?’ என்ற பாடலும் அதே ஆண்டினதே. பிரஷ்யாவா, சுவேபியாவா என்று ஒவ்வொரு நாடாகக் கேட்டு, ஜெர்மன் மொழி ஒலிக்கும் இடமெல்லாம் என்று விடை சொல்லும் அழகான பாடல்தான் அது. ஆயினும் ஒவ்வொரு பிரெஞ்சுக்காரனும் பகைவன் எனப்படும் இடமே தாயகம் என்றும் அதே பாடல் சொல்கிறது. மறு ஆண்டில், கிழக்கிலிருந்து, குறிப்பாகப் போலந்திலிருந்து, யூதர்கள் ஜெர்மனிக்குள் வந்து குடியேறுவதைத் தடுக்க வேண்டும் என்று எழுதினார். அவர்களை அழுக்காகவும் நோயாகவும் கண்ட எழுத்து அது.

தென்னவன்:

அம்மையீர், நீங்கள் மேற்கோள் காட்டும் வரிகளை நானும் படித்திருக்கிறேன். அவற்றுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அவை எந்தச் சூழலில் எழுதப்பட்டன என்பதை நீங்கள் ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. 1806இல் யேனாவில் பிரஷ்யப் படை நொறுங்கியது. நெப்போலியனின் படைகள் பெர்லினுக்குள் நுழைந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், பிரெஞ்சு ஆதிக்கத்தைக் கண்டித்த ஒரு துண்டுப்பிரசுரத்தை விற்ற குற்றத்துக்காக யோஹான் பிலிப் பால்ம் என்ற புத்தக வணிகர் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘காலத்தின் ஆன்மா’ என்ற நூலின் முதற்பகுதியில் நெப்போலியனைக் கடுமையாகத் தாக்கியிருந்த ஆர்ண்ட்டுக்கு அதன் பொருள் நன்றாகவே விளங்கியிருக்கும். சுவீடனுக்குத் தப்பிச் சென்றார். 1812இல் சீர்திருத்தவாதியான பிரபு ஸ்டைனின் செயலாளராகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு, ஜெர்மன் வீரர்களைத் தட்டியெழுப்பும் பிரசுரங்களை எழுதினார். இரும்பை விளையச் செய்த கடவுள் மனிதன் அடிமையாயிருப்பதை விரும்பவில்லை என்று தொடங்கும் அவருடைய பாடல் அக்காலத்தில்தான் பிறந்தது. பண்ணையடிமையின் மகன் எழுதிய வரி அது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் கவிஞன் ஆக்கிரமித்தவனை வெறுக்கிறான். அதை இருநூறு ஆண்டுகள் கழித்து, எல்லைகள் திறந்து கிடக்கும் ஐரோப்பாவில் உட்கார்ந்து அளப்பது முறையா?

யாழ்மொழி:

அளவுகோலை நான் இன்றிலிருந்து எடுக்கவில்லை, தென்னவன் ஐயா. ஆர்ண்ட்டின் காலத்திலிருந்தே எடுக்கிறேன்.

பெர்லினில் வாழ்ந்த யூத எழுத்தாளர் சவுல் ஆஷர், ஆர்ண்ட்டும் தத்துவவாதி பிக்டேயும் வளர்த்துவந்த இந்த வகைத் தேசபக்தியை ஒரு பித்து என்று 1815லேயே நூலெழுதிக் கண்டித்தார். அந்நியரை வெறுப்பதும் யூதரை விலக்குவதும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்பதே அவருடைய வாதம். அதற்குக் கிடைத்த மறுமொழி என்ன தெரியுமா? 1817 அக்டோபரில் வார்ட்பர்க் கோட்டையருகே தேசபக்த மாணவர்கள் கூடி மூட்டிய தீயில் போடப்பட்ட நூற்பெயர்களுள் ஆஷரின் நூலும் ஒன்று. கவிஞர் கேத்தேயும் அதே ஆக்கிரமிப்பைக் கண்டவர்தான்; பிரெஞ்சுப் படைவீரர்கள் வைமாரில் அவருடைய வீட்டுக்குள்ளேயே புகுந்தார்கள். ஏன் போர்ப்பாடல் எழுதவில்லை என்ற குறை அவர்மீது இருந்தது. வெறுப்பு இல்லாமல் வெறுப்புப் பாடல் எப்படி எழுதுவது, என் பண்பாட்டின் பெரும்பகுதியை எனக்குத் தந்த ஒரு மக்களை நான் எப்படி வெறுப்பேன் என்று முதுமையில், தம் உரையாடல்களைக் குறித்துவைத்த எக்கர்மானிடம் சொன்னார். ஆக, வேறு விதமாக எண்ணுவது அந்தக் காலத்துக்கு எட்டாத ஒன்றாக இருக்கவில்லை. எண்ணியவர்கள் இருந்தார்கள், ஆர்ண்ட் அவர்களோடு நிற்கவில்லை.

கயல்விழி:

நீங்கள் இருவரும் துண்டுப்பிரசுரங்களோடே நின்றுவிட்டீர்கள். கதைசொல்லி ஆர்ண்ட்டைப் பற்றி ஒருவராவது பேசுவீர்கள் என்று இதுவரை காத்திருந்தேன்.

ரூகன் தீவின் பண்ணையாட்களும் வேலைக்காரப் பெண்களும் சிறுவயதில் தமக்குச் சொன்ன கதைகளை அவர் 1818இலும் 1843இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். சில கதைகளை அப்பகுதி மக்கள் பேசும் தாழ்நிலத்து ஜெர்மனிலேயே எழுதினார். ரம்பின் கிராமத்தருகே இன்றும் காணக்கூடிய பழங்காலப் புதைமேடுகளைப் பற்றிய கதை அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த மேடுகளுக்கு அடியில் குள்ளர்கள் வாழ்கிறார்கள். மாடு மேய்க்கும் கிழவரிடம் இதைக் கேட்டறிந்த யோஹான் டீட்ரிஷ் என்ற சிறுவன், இரவில் மேட்டின்மேல் படுத்திருந்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு குள்ளனின் மணிகட்டிய தொப்பியைப் பறித்துக்கொள்கிறான். தொப்பியை வைத்திருப்பவனே எசமான். கீழே பளிங்கு மாளிகை, விருந்து, இசை எல்லாம் அவனுக்குக் கிடைக்கின்றன. ஆனால் அங்கே பணிவிடை செய்வோர் அனைவரும் மேலுலகத்திலிருந்து வந்த மனிதப் பிள்ளைகள். குறித்த காலம் முடியாமல் அவர்கள் வெளியேற முடியாது. அவர்களுள் ரம்பின் பாதிரியாரின் மகள் லிஸ்பெத்தும் ஒருத்தி. அவள் சேவலின் கூவலைக் கேட்டு வீட்டை நினைத்து அழுகிறாள். பையனுக்கு அப்போதுதான் மாளிகை கசந்துபோகிறது. குள்ளர்கள் அவளை விட மறுக்கிறார்கள். ஒரு கல்லை உடைத்தபோது அதனுள்ளிருந்து கிடைத்த தேரையைக் கொண்டு, அதன் நாற்றத்தைத் தாங்க முடியாத குள்ளர்களைப் பணியவைத்து அவளை மீட்டுச் செல்கிறான்.

பண்ணையடிமைகளின் வாயிலிருந்து வந்த கதை இது என்பதை மறந்துவிட்டு என்னால் இதைப் படிக்க முடியவில்லை. 1803ஆம் ஆண்டின் வரலாற்று நூல் சொன்னதைத்தான் இதுவும் சொல்கிறது. ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சு வெறுப்பின் உச்சத்தைக் கடந்த பிறகு சொல்கிறது. ஆகவே நல்ல ஆர்ண்ட் முதலில், கெட்ட ஆர்ண்ட் பின்னால் என்று ஆண்டுவாரியாகக் கூறுபோடுவது பொருந்தாது. பெயரை வைக்கச் சொன்னவர்களும் எடுக்கச் சொன்னவர்களும் இந்தக் கதைகளைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

பொருநைச்செல்வன்:

கயல்விழி அவர்கள் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஆட்சியாளருக்குப் பிடித்தமான பாடகராக ஆர்ண்ட் ஒருநாளும் இருந்ததில்லை. 1818இல் பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மறு ஆண்டே, நாடக ஆசிரியர் கோட்சபூவைத் தேசபக்த மாணவர் ஒருவர் கொன்றதை அடுத்து வந்த அடக்குமுறையில், அவருடைய தாள்கள் கைப்பற்றப்பட்டன. 1820இல் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படாமலே இருபது ஆண்டுகள் வகுப்பறைக்கு வெளியே நின்றார். புதிய மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் 1840இல் மீண்டும் சேர்த்துக்கொண்டபோது அவருக்கு எழுபது வயது. 1848இல் பிராங்பர்ட் தேசியப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஜெர்மனிக்கு ஓர் அரசியலமைப்பு கிடைக்கப் பாடுபட்டார். இவரைத் தங்கள் முன்னோடி என்று நாஜிகள் உரிமை கொண்டாடியது அவர் செய்த குற்றமா? கிழக்கு ஜெர்மனியின் பொதுவுடைமை அரசு 1954இல் அதே பெயரை மீண்டும் சூட்டியதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

யாழ்மொழி:

நாஜிகள் உரிமை கொண்டாடியதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவரே எழுதி அச்சிட்டவற்றுக்காகச் சொல்கிறேன். 1954ஆம் ஆண்டைப் பொறுத்தவரை, பண்ணையடிமைகளுக்காகப் பேசியவர், நெப்போலியனுக்கு எதிராக ரஷ்யாவோடு சேர்ந்து நின்றவர் என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அந்த அரசு மூடி வைத்தது. நீங்களும் இங்கே ஏறத்தாழ அதையேதான் செய்கிறீர்கள்.

தென்னவன்:

அப்படியானால் நேராகவே கேட்கிறேன். பான் நகரில் ரைன் ஆற்றைப் பார்த்தபடி 1865 முதல் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. ரைன் ஜெர்மனியின் ஆறு, ஜெர்மனியின் எல்லை அன்று என்ற அவருடைய நூற்பெயர் அதன் பீடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ரூகன் தீவில் அவர் பெயரில் ஒரு கோபுரம் இருக்கிறது. அவர் இயற்றிய ஞானப்பாடல்கள் ஜெர்மன் புராட்டஸ்டண்ட் திருச்சபையின் பாடற்புத்தகத்தில் இன்றும் உள்ளன. இவற்றையெல்லாம் எடுத்துவிட வேண்டுமா?

யாழ்மொழி:

வேண்டாம். சிலை நிற்கட்டும், அதை எழுப்பிய தலைமுறை என்ன நினைத்தது என்பதை அது காட்டுகிறது. பாடலை விரும்புகிறவர்கள் பாடட்டும். கயல்விழி சொன்ன கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும், நானே சொல்வேன். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் வேறு வகையைச் சேர்ந்தது. அது அங்கே படித்து வெளியேறும் ஒவ்வொருவரின் பட்டச் சான்றிதழிலும் அச்சாகிறது, பிரான்ஸிலிருந்து வந்து படிக்கும் மாணவியின் சான்றிதழிலும், யூத மாணவரின் சான்றிதழிலும். சிலையைக் கடந்து போகிறவர் அதைப் பார்க்காமலே போய்விடலாம். இவர்களோ தங்கள் மக்களை வெறுக்கச் சொன்ன ஒருவரின் பெயரை வாழ்நாள் முழுதும் தங்கள் தகுதிக்குச் சான்றாகக் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுமையை அவர்கள்மீது ஏற்ற எந்தப் பல்கலைக்கழகப் பேரவைக்கும் உரிமையில்லை என்பதே என் நிலைப்பாடு.