பார்வையில்லாதவருக்கு எந்தப் பின்னல்: வயர் கூடையா, பிரம்பு நாற்காலியா?

நெல்லிக்குப்பம் டீச்சர்: 24 வயசுப் பெண், பிறவியிலேயே பார்வை கிடையாது, பிரெய்ல் நல்லா படிப்பாங்க. வீட்டிலிருந்தே சம்பாதிக்க ரெண்டில் எதைக் கத்துக்கொடுக்கலாம்?

மஞ்சக்குப்பம் வயர்: கூடைதான். கத்தரிக்கோலும் வயர் ரோலும் போதும். பலகையில ரெண்டு ஆணி அடிச்சு வயரைச் சுத்தி வெட்டினா எல்லாத் துண்டும் ஒரே நீளம். சிவன் கண் பின்னல் இப்போ வேண்டாம், சாதா முடிச்சு போடட்டும். நிறம் தெரிய நீலத்தோட நுனியில ஒரு முடிச்சு, மஞ்சளுக்கு ரெண்டு.

முத்தியால்பேட்டை பிரம்பு: நுனியில முடிச்சு இருந்தா பின்னலோட வளையத்துக்குள்ள எப்படி நுழையும்?

மஞ்சக்குப்பம் வயர்: அப்போ நீலத்தைச் சாய்வா வெட்டுங்க, மஞ்சளை நேரா. விரலுக்குத் தெரியும்.

முத்தியால்பேட்டை பிரம்பு: தெரியட்டும். ஆனா தெருவுக்கு நாலு பேர் கூடை பின்றாங்க, ரோல் காசு போனா கூலி எங்க மிஞ்சும்? நாற்காலி இருக்கையைப் பின்றதுல சட்டத்துத் துளையே வழிகாட்டி. பிரம்பை வெந்நீர்ல கால் மணி நேரம் ஊறவச்சு, வழுவழுப்பான பக்கம் மேலே வரணும். நெடுக்கு, குறுக்கு, மறுபடி நெடுக்கு, நாலாவதா ஊடு நுழையற குறுக்கு, அப்புறம் ரெண்டு கோணல், கடைசியில ஓரப்பட்டை. முதல் நெடுக்கை விறைப்பா இழுக்கக் கூடாது. பின்னாடி வர்ற ஒவ்வொரு இழையும் அதை இறுக்கும், காயும்போது இன்னும் இறுகும். கோணல் இழை நெடுக்கு ஜோடிக்கு மேலே போனா குறுக்கு ஜோடிக்குக் கீழே. மாத்திப் போட்டா வழுக்காம சிக்கி நிக்கும். அந்தத் தப்பைக் கண்ணை விட விரல் சீக்கிரம் பிடிக்கும்.

மஞ்சக்குப்பம் வயர்: அதே விரலைத்தான் பிரம்போட ஓரம் கீறும். பிரெய்ல் படிக்கிற விரல் நுனி சார் அது! கையுறை போட்டா தொடு உணர்ச்சியும் போச்சு.

முத்தியால்பேட்டை பிரம்பு: நியாயமான கேள்வி. படிக்கிற விரலை விட்டுட்டு, பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் மட்டும் துணி டேப் சுத்துங்க. இழையை இழுக்கறது அந்த ரெண்டும்தான், தடவிப் பார்க்க ஆள்காட்டி விரல் போதும்.

நெல்லிக்குப்பம் டீச்சர்: நாற்காலியை யார் கொண்டு வருவாங்க?

மஞ்சக்குப்பம் வயர்: அதைத்தான் நானும் கேக்க வந்தேன். கூடையைப் பையில போட்டு பஸ் ஏறலாம்.

முத்தியால்பேட்டை பிரம்பு: புதுச்சேரி பழைய வீட்டு ஓட்டல்கள்ல பேசுங்க, வண்டியில ஏத்தி இறக்கறது அவங்க பொறுப்புன்னு முதல்லயே சொல்லிடுங்க. கூலியை நாற்காலிக்கு இவ்வளவுன்னு பேசாம துளைக் கணக்கில பேசுங்க, துளையை அந்தப் பொண்ணே தடவி எண்ணிக்கலாம். வாங்கும்போது சட்டத்துக்கு அடியில கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. துளை இல்லாம மேலே காடி, அதாவது நீளப் பள்ளம், மட்டும் இருந்தா அது ரெடிமேடா பின்னின தட்டியைப் பதிக்கிற நாற்காலி, திருப்பி அனுப்பிடணும்.