வலிக்கும் இடத்தைப் பார்த்து மவுஸ் வாங்குங்கள்

சிவகாசியிலிருந்து

தினசரி நாட்காட்டிகளுக்குப் பக்கம் வடிவமைக்கும் வேலையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பங்கள் வெளியாகி ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டால், மார்கழி வரை நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் கை மவுஸின் மேல்தான் இருக்கும். கடைப் பெயர், முகவரி, சாமி படம், முதலாளியின் தந்தை படம் என ஒவ்வொன்றையும் இடது பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இழுத்து வந்து, அரை மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். வெறும் கிளிக்கைவிட இப்படி அழுத்திக்கொண்டே இழுப்பதுதான் கையை வாட்டும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

2022 ஐப்பசியில் சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலி தொடங்கியது. கார்த்திகையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நள்ளிரவு இரண்டு, மூன்று மணிக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் விழிப்பு வரும். கையைத் தொங்கவிட்டு உதறினால் சற்று நேரத்தில் உணர்வு திரும்பும். ஒரு நாள் காலையில், பிடித்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே டீ டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அன்றுதான் பயந்தேன்.

அப்போதும் மருத்துவரிடம் போகாமல் மவுஸைத்தான் முதலில் மாற்றினேன். மணிக்கட்டை அசைக்கவே வேண்டாம் என்று பலரும் பாராட்டியிருந்த, மவுஸை நகர்த்தாமல் அதிலுள்ள பந்தைக் கட்டைவிரலால் உருட்டும் டிராக்பால் ஒன்றை வாங்கினேன். சொன்னபடியே ஒரு வாரத்தில் மணிக்கட்டு வலி குறைந்தது. ஆனால் மூன்றாவது வாரம், பைக் சாவியைத் திருகும்போது கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை நோக்கிச் சுரீரென்று இழுத்தது. முழுக் கையும் பகிர்ந்துகொண்ட வேலையை ஒரே விரலின் தலையில் கட்டியிருந்தேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

எலும்பு மருத்துவர் கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்களை மடக்கச் சொல்லி, அப்படியே கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. கட்டைவிரலை இயக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. அங்கே உராய்வு மிகுந்து உறை தடித்துப் போவதால் வரும் இந்த வலியை 1895இல் விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்னின் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். இரவில் வரும் மரத்துப்போதல் வேறு கதை. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய சுரங்கப்பாதை இருக்கிறது; அதன் வழியே ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்ற ஒரு நரம்பும் செல்கின்றன; அங்கே இடம் நெருக்கப்பட்டால் முதலில் அவதிப்படுவது நரம்புதான். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு அந்தப் பாதையில் வருவதில்லை என்பதால் அது மட்டும் மரத்துப்போகாமல் தப்பித்திருந்தது. ஆக, என் ஒரே கையில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருந்தன. நான் மூன்றுக்கும் சேர்த்து ஒரு மவுஸை மருந்தாக நினைத்திருந்தேன்.

நரம்புப் பரிசோதனையில் பாதிப்பு ஆரம்ப நிலைதான் என்று தெரிந்தது. தூக்கத்தில் நம்மை அறியாமல் கையை மடக்கிக்கொள்வதால் சுரங்கப்பாதையில் அழுத்தம் கூடுகிறது. அதைத் தடுக்க, மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்பிளின்ட்டை இரவில் அணிந்துகொள்ளச் சொன்னார்கள். மரத்துப்போதலை அடக்கியது அதுதான், மவுஸ் அல்ல. கைகுலுக்குவதுபோல் பிடிக்கும் வெர்டிகல் மவுஸ் வைத்துக்கொண்டால் கை பக்கவாட்டில் வளைவது குறைகிறது, ஆனால் அந்தச் சுரங்கப்பாதையின் அழுத்தம் குறைவதில்லை என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்ததையும் பிறகு படித்தேன். ஆகவே விரல்கள் மரத்துப்போகிறவர்கள் புது மவுஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

சுண்டுவிரல் பக்கத்து வலிக்கும் முன்கையின் இறுக்கத்துக்கும் வெர்டிகல் மவுஸ் எனக்கு உண்மையாகவே உதவியது. உள்ளங்கையைக் கீழே பார்க்கக் கவிழ்க்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்காகச் சாய்கிறது. கைகுலுக்க நீட்டுவதுபோல் வைத்தால் அந்த முறுக்கு பெருமளவு தளர்கிறது. ஆனால் அளவு மிகவும் முக்கியம். நண்பரிடம் இரவல் வாங்கிய பெரிய வெர்டிகல் மவுஸில் என் விரல்கள் பட்டனை எட்டவில்லை. எட்டுவதற்காக இறுக்கிப் பிடித்ததில் இரண்டே நாளில் முன்கை கனத்துவிட்டது. பிறகு மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை ஸ்கேல் வைத்து அளந்தேன், 18 செ.மீ. இருந்தது. லாஜிடெக்கின் எம்எக்ஸ் வெர்டிகல், லிஃப்ட் இரண்டும் 57 டிகிரி சாய்வு கொண்டவைதான் என்றாலும், லிஃப்ட் சிறிய, நடுத்தரக் கைகளுக்காகச் செய்யப்பட்டது. அதை வாங்கினேன்.

முதல் பத்து நாள்கள் சிரமமாகத்தான் இருந்தன. சாதாரண மவுஸில் கிளிக் செய்யும் அழுத்தம் மேஜையை நோக்கிப் போகும். இதில் பக்கவாட்டில் போவதால் ஒவ்வொரு கிளிக்கிலும் மவுஸ் ஒரு நூல் அளவு நகர்ந்து, வைத்த படம் இடம் மாறிவிடும். கட்டைவிரலைத் தளர்வாக எதிர்ப்பக்கம் அணைகொடுத்துப் பழகிய பிறகுதான் அது நின்றது. கடைசி அரை மில்லிமீட்டரை இப்போது மவுஸால் சரிசெய்வதே இல்லை. அம்புக்குறி விசைகளால் நகர்த்துகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து

சிவகாசி நண்பருக்கு வணக்கம். நான் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு மாதமும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாள்களில் எனக்கும் கை விட்டுப்போகும். என் அனுபவத்தில் மவுஸின் வடிவத்தைவிட அது இருக்கும் இடம்தான் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. எண்பலகையோடு கூடிய முழு அளவுக் கீபோர்டு நடுவில் இருந்தால், மவுஸ் வலப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் போய்விடுகிறது. நாள் முழுவதும் தோளை விரித்துக் கையை அங்கே நீட்டியபடியே உட்கார்ந்திருக்கிறோம். எண்பலகை இல்லாமல் என் வேலை நடக்காது. ஆகவே எந்தக் கைக்கும் பொருந்தும் பழைய சாதாரண மவுஸையே இடப்பக்கம் வைத்து, விண்டோஸ் அமைப்பில் முதன்மைப் பட்டனை மாற்றிக்கொண்டேன். முதல் வாரம் எழுதப் பழகும் குழந்தையைப்போல் தடுமாறினேன். மூன்று வாரங்களில் பழகிவிட்டது. இன்று என் வலது கை எண்களை மட்டும் அடிக்கிறது, இடது கை மவுஸைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஐந்தடி உயரம். அலுவலக மேஜையோ எல்லோருக்கும் ஒரே உயரம். முழங்கை மேஜைக்குக் கீழே இருந்ததால், மணிக்கட்டு மேஜை விளிம்பில் அழுந்தி மேல்நோக்கி வளைந்தே இருந்தது. மாலையில் பார்த்தால் தோலில் சிவந்த கோடு விழுந்திருக்கும். நாற்காலியை உயர்த்தி, தொங்கிய கால்களுக்கு அடியில் இரண்டு ஏ4 தாள் கட்டுகளை வைத்தேன். அந்தக் கோடு மறைந்தது. மெத்தென்ற ஜெல் பேடு வாங்கியவர்கள் அதன்மேல் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு மவுஸை நகர்த்த வேண்டாம்; கை ஓய்ந்திருக்கும்போது மட்டும் அதில் சாய்த்து வையுங்கள். நகர்த்துவது முழங்கையிலிருந்து வரட்டும். கர்சரின் வேகத்தையும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். நான் அந்த வேகத்தைக் குறிக்கும் டிபிஐ அளவை 800இலிருந்து 1600க்கு மாற்றியதும் கை நகர வேண்டிய தூரம் பாதியானது.

டிராக்பால் எல்லாமே தவறு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எங்கள் மூத்த தணிக்கையாளர், நடுவில் பெரிய பந்து உள்ள டிராக்பாலை, இரண்டு மூன்று விரல்களால் உருட்டிப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார். அதில் கட்டைவிரலுக்குக் கிளிக் செய்யும் வேலை மட்டும்தான்.

மீண்டும் சிவகாசியிலிருந்து

சகோதரிக்கு நன்றி. உங்கள் பதிவைப் படித்த அன்றே என் மேஜையை அளந்து பார்த்தேன். கீபோர்டின் நடுவிலிருந்து மவுஸ் வரை 40 செ.மீ.க்கு மேல் இருந்தது. எண்பலகை எனக்கு அதிகம் தேவைப்படுவதில்லை என்பதால் அது இல்லாத கீபோர்டுக்கு மாறிவிட்டேன். 57 டிகிரி சாய்வைப் பற்றி யோசித்த நான் அந்த இடைவெளியை ஒருநாளும் கவனித்ததில்லை. தோள்பட்டைக்குப் பின்னால் இருந்த ஒரு பிடிப்பு, அதற்கும் மவுஸுக்கும் தொடர்பு உண்டு என்றே நினைத்திராத ஒன்று, இப்போது தளர்ந்து வருகிறது.

கட்டைவிரல் வலி முழுவதும் போக ஐந்து மாதங்கள் ஆயின. அந்த டிராக்பால் பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டபோது, முதலில் கட்டைவிரலை மடக்கிக் கையைச் சாய்த்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். அவருக்கு வலி இல்லை. வாரம் ஒருமுறை அவரை மீண்டும் அப்படிச் செய்து காட்டச் சொல்கிறேன்.