தண்ணியில்லாக் காடா எங்கள் ராமநாதபுரம்?

சிறுவாணிக்காரன்:
போன மே மாதம் குடும்பத்தோடு ராமேசுவரம் போய்வந்தோம். கோயில் பிரகாரமும் பாம்பன் பாலமும் அருமை, மறுக்கவில்லை. ஆனால் மானாமதுரை தாண்டியதிலிருந்து மண்டபம் வரைக்கும் வண்டிக்கு வெளியே பார்க்க ஒன்றுமே இல்லைங்க. கருவேல முள், புழுதி, வெடித்துக் கிடக்கிற கண்மாய், அப்புறம் மறுபடி முள். என் பெண் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். கோயிலையும் கடலையும் எடுத்துவிட்டால் அந்த மாவட்டத்தில் என்னதான் இருக்கிறது? 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அதிகாரிகள் மிரட்டுவது ஏன் என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கண்மாய்க்கரை:
மலையையும் சிறுவாணியையும் எடுத்துவிட்டு உங்கள் கோயம்புத்தூரைப் பாருங்கள் என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? அந்தச் சிறுவாணி அணைகூட இருப்பது கேரளத்தில்.

தண்ணியில்லாக் காடு என்கிற பேச்சுக்கு வருகிறேன். ராமநாதபுரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. கோவை நகரத்தின் சராசரி அதைவிடக் குறைவு. நம்ப முடியவில்லை அல்லவா? எங்களுக்கு அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்ச நாளில் கொட்டித் தீர்த்துவிடும். நிலமோ தாம்பாளம் மாதிரி. மலை இல்லை, பெரிய அணை கட்டத் தோதான இடம் இல்லை. கரை போட்டு நிறுத்தாவிட்டால் அத்தனையும் கடலுக்குத்தான். அதனால்தான் எங்கள் முன்னோர்கள் கண்மாய் வெட்டினார்கள். ஒன்று நிரம்பி அடுத்ததற்கு, அது நிரம்பி அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாக. ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். ஒரு கரையில் கிளம்பிய நாரை மறுகரை போய்ச் சேர முடியாத அளவு பெரிது என்று பெருமை. வைகை ஆறே ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் வந்து சேர்கிறது. மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம் கடலுக்கு.

நீங்கள் பார்த்த வெடித்த தரை அப்படி ஒரு கண்மாயின் தரை. மே மாதத்தில் வந்து கண்மாயைப் பார்ப்பது, கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு வந்து சாப்பாடு எங்கே என்று கேட்பது போல.

தை மாதம் சித்திரங்குடிக்கு வாருங்கள். தண்ணீருக்குள் நிற்கிற நாட்டுக்கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கும். எச்சம் விழுந்து விழுந்து மரம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். பொழுது சாயும் நேரத்தில் இரை தேடப் போனவை திரும்பும்போது, முதலில் சிறகுச் சத்தம் கேட்கும், அப்புறம்தான் பறவை தெரியும். சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டன. நகரத்தை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. உங்கள் வண்டி அதன் பக்கமாகத்தான் போயிருக்கும்.

சிறுவாணிக்காரன்:
சரி, மழைக்கணக்கில் என்னை மடக்கிவிட்டீர்கள். ஆனால் வருடத்தில் மூன்று மாதம் அழகாக இருக்கிற ஊரை அழகான ஊர் என்று சொல்வீர்களா? அப்புறம் அந்தச் சீமைக்கருவேலம். அதற்கும் பந்தல் கதை உண்டா?

கண்மாய்க்கரை:
இல்லை. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. அமெரிக்கக் கண்டத்து மரம், விறகுக்கு ஆகும் என்று கொண்டுவந்து பரப்பினார்கள், பிடித்துக்கொண்டது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது எங்கள் கண்மாயிலும் இயந்திரம் இறங்கியது. தூரோடு தோண்டாமல் மேலே வெட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்த்தது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது என்பதும் உண்மை. வேண்டாத விருந்தாளி, ஆனால் வாடகை கொடுக்கிறான்.

தள்ளுவண்டி:
இரண்டு ஆண்களும் நாரையைப் பற்றிப் பேசி முடித்தாயிற்றா? நான் முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது.

கண்மாய்க்கரை அண்ணன் சொன்ன அந்தக் கண்மாய் வற்றியதும் அதன் நடுவில் ஊற்றுத் தோண்டுவோம். ஆள் உயரக் குழி. சின்னப் பிள்ளை என்பதால் என்னை உள்ளே இறக்குவார்கள். அடியில் ஒரு உள்ளங்கை அளவு தண்ணீர் சுரந்திருக்கும். சிரட்டையால் மோந்து மேலே கொடுக்க வேண்டும். கலக்கக் கூடாது, அவசரப்பட்டால் சேறு வந்துவிடும். மறுபடி சுரக்கும்வரை குழிக்குள்ளேயே குந்தியிருப்பேன், வட்டமாகக் கொஞ்சம் வானம் தெரியும். ஆறு குடம் நிரம்பினால் தள்ளுவண்டியில் ஏற்றி வீடு வந்து சேர இருட்டிவிடும். ஊருணித் தண்ணீர் என்றால் அம்மா பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசி ஊற்றிவைப்பாள். காலையில் கலங்கல் அடியில் படிந்து மேலே தெளிந்திருக்கும்.

இப்போது காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது என்பார்கள். வருகிறது, வருகிற அன்றைக்கு. எங்கள் தெருவில் தள்ளுவண்டியை இன்னும் யாரும் எடைக்குப் போடவில்லை. அழகு, அழகு என்கிற அண்ணன் எத்தனை குடம் தூக்கியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கண்மாய்க்கரை:
தூக்கியதில்லை அக்கா. என் தங்கை தூக்கினாள். நான் சைக்கிளில் பறவை பார்க்கப் போனேன். இதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அது சமாளிப்பாகத்தான் இருக்கும்.

மாற்றலில் வந்தவன்:
இங்கே அசலான தண்டனைக் கைதி நான்தான். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். மேலதிகாரியோடு ஒரு உரசல், பரமக்குடிக்குத் தூக்கி அடித்தார்கள். ஆறே மாதம், ஆளைப் பிடித்துத் திரும்பிவிடலாம் என்று ஒரு பாயும் பக்கெட்டும்தான் கொண்டுவந்தேன். எட்டு வருடம் ஆகிவிட்டது.

முதல் கோடை கொடுமை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாசி, பங்குனியில் ஆர்.எஸ். மங்கலம் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். களத்தில் குண்டு மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பு. இறங்கி நின்றதுதான் தாமதம், ஒன்பது தும்மல். மிளகாய் கிளறிக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டு, 'புது ஆளா தம்பி?' என்று மோர் கொடுத்தார். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் அலுவலகத்தில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் தென்னையும் வீடும் மறைத்துவிடும். இங்கே சூரியன் கடைசிச் சொட்டு வரைக்கும் தரையில் இறங்குவது தெரியும். பச்சைதான் அழகு என்று பழகிய கண்ணுக்கு இது பிடிபடக் கொஞ்சம் நாள் ஆகும். எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நேர்ப்பேச்சு:
மிளகாய், நாரை, சூரியன் எல்லாம் சரி. பேர் கெட்டது தண்ணீரால் மட்டுமா? 1957 முதுகுளத்தூர்ச் சாதிக் கலவரத்தை யாரும் வாயே திறக்கவில்லையே. இன்றைக்கும் தலைவர்களின் நினைவு நாள்கள் வருகிற செப்டம்பர், அக்டோபர் வந்தால் மாவட்டத்துக்கே 144 தடை உத்தரவு (சட்டத்தில் இப்போது 163). வெளியூர்க்காரன் வாடகைக் கார் எடுத்து வரப் பயப்படுகிறான்.

கண்மாய்க்கரை:
அது எங்கள் மேல் இருக்கிற கறை, மறைக்கவில்லை. ஆனால் அதை மட்டுமே பார்ப்பதும் நியாயமில்லை. ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர் கீழக்கரை சீதக்காதி. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நீங்கள் எல்லாரும் சொல்கிற அதே வள்ளல். அவர் ஆதரவில்தான் உமறுப்புலவர் இருந்தார். ராமேசுவரத்தில் 1931இல் பிறந்த கலாம் பள்ளிப் படிப்புக்கு வந்தது ராமநாதபுரத்துக்கு. விவேகானந்தர் சிகாகோ போக ஆதரவு தந்தவர் பாஸ்கர சேதுபதி. 1897இல் அவர் திரும்பி வந்து பாம்பனில் இறங்கியபோது வரவேற்றதும் அதே மன்னர். 144ஐயும் எழுதுங்கள், இதையும் எழுதுங்கள்.

நேர்ப்பேச்சு:
முந்நூறு வருடத்து நட்பைக் காட்டி இந்த வருட 144க்குப் பதில் சொல்கிறீர்கள்.

கண்மாய்க்கரை:
சரிதான். பதில் ஆகாது.

தள்ளுவண்டி:
நான் எழுதியதைச் சிறுவாணிக்காரர் தன் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொண்டு விடப்போகிறார் என்று பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளையை நாங்கள் அடிப்போம், பக்கத்து வீட்டுக்காரர் கை ஓங்கக் கூடாது.

அண்ணன் ஒரு விஷயத்தைச் சரியாகத்தான் சொன்னார். மழை இருக்கிறது, பிடித்துவைக்கத்தான் ஆள் இல்லை. எங்கள் கண்மாய்க்கு வரத்துக் கால்வாய் இப்போது எங்கே போகிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மேலே வீடு கட்டியாயிற்று. ஆக, குழிக்குள் நான் உட்கார்ந்திருந்ததற்கு வானத்தைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. 'தண்ணியில்லாக் காடு' என்று சினிமாவில் சிரித்தே எங்களை அப்படி நம்ப வைத்துவிட்டார்கள். ஏதோ சாபம் மாதிரி.

சிறுவாணிக்காரன்:
சாட்சியாக எடுக்கவில்லைங்க. குழிக்குள்ளிருந்து வானம் வட்டமாகத் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்கள், அதை என் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். சினிமாப் பேச்சை வைத்து நான் எழுதியது தப்புதான். ஆனால் மே மாதப் பயணம் சலிப்பாக இருந்தது என்பதில் மாற்றமில்லை.

அவளுக்குப் பொங்கல் விடுமுறை வருகிறது. அந்தப் பறவைகளைப் பார்க்க வேண்டும் என்கிறாள். எங்கே தங்குவது, எப்படிப் போவது?

மாற்றலில் வந்தவன்:
ராமநாதபுரத்தில் தங்குங்கள். விடியற்காலையில் சித்திரங்குடி. மறுநாள் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவார்கள், ஊர்க்காரர்களே ஓட்டுகிறார்கள். தேவிபட்டினம் தாண்டிப் போக வேண்டும். அங்கே கடல் குளம் மாதிரி நிற்கும். மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் இதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

கண்மாய்க்கரை:
அழகன்குளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோமாபுரிக் காசு கிடைத்த ஊர். இரண்டாயிரம் வருடம் முன்பே இந்தத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு'க் கப்பல் வந்திருக்கிறது. மழை ஏமாற்றாமல் இருந்தால் தையில் கண்மாய் நிறைந்திருக்கும். ஏமாற்றினால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வர வேண்டாம்.

தள்ளுவண்டி:
எதற்கும் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாருங்கள்.