டிஐ ரெசின் 150 லிட்டரிலேயே தீர்ந்துவிடுகிறது: எந்த ரெசின் வாங்கலாம்?

நீலக்கிளிஞ்சல்

வேளச்சேரி போர் தண்ணீர். டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1100, கேஎச் (கார்பனேட் காரத்தன்மை) 17 டிகிரி, பிஎச் 7.2. தொட்டி 200 லிட்டர், பவளங்கள் வைத்த கடல்நீர்த் தொட்டி. செடிமென்ட், கார்பன், பூஸ்டர் பம்ப், 80 ஜிபிடி (நாளைக்கு 80 காலன்) மெம்பிரேன் என வழக்கமான ஆர்ஓ வரிசைதான். டிடிஎஸ் கன்ட்ரோலரை (ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலக்கும் வால்வு) முழுக்க மூடிவிட்டேன். ஆர்ஓ தண்ணீரின் டிடிஎஸ் 35 வருகிறது. அடுத்து டிஐ, அதாவது மிஞ்சிய அயனிகளையும் நீக்கும் கட்டம்: 10 அங்குல ஹவுசிங்கில் நிறம் மாறும் மிக்சட் பெட் ரெசின் (நேர் அயனியைப் பிடிக்கும் கேட்டயான் மணியும் எதிர் அயனியைப் பிடிக்கும் ஆனயான் மணியும் கலந்தது), சுமார் 600 மில்லி.

புதிதாக நிரப்பும்போது 0. ஆனால் 150 லிட்டர் தாண்டுவதற்குள் 3, 4 என்று ஏறிவிடுகிறது. ஆவியாவதை ஈடுகட்டவும் வாராந்திர மாற்றத்துக்குமாக மாதம் 180 லிட்டர் தேவை. கடையில் "இம்போர்ட்டட் ரெசின் போடுங்க, டபுள் வரும்" என்கிறார்கள். விலையும் டபுள். வாங்கலாமா? இல்லை, மெம்பிரேனை மாற்ற வேண்டுமா?

அயனிக்கணக்கு

மெம்பிரேன் நன்றாகவே இருக்கிறது. 1100 உள்ளே போய் 35 வருகிறதென்றால் கிட்டத்தட்ட 97 சதவீதம் தடுக்கிறது. ரெசின் மேலும் தப்பில்லை, கணக்குப்படி வரவேண்டியதுதான் வருகிறது.

நல்ல மிக்சட் பெட் லிட்டருக்கு ஏறத்தாழ 0.55 ஈக்குவலன்ட் (அயனிகளை மின்னூட்டக் கணக்கில் அளக்கும் அலகு) பிடிக்கும். 600 மில்லி என்றால் 330 மில்லி ஈக்குவலன்ட். சின்ன கார்ட்ரிட்ஜில் அதில் 70 சதவீதம் பயன்பட்டாலே பெரிது, ஆக 230. உங்கள் ஆர்ஓ தண்ணீரில் மிஞ்சும் 35 பெரும்பாலும் சோடியம் குளோரைடு, லிட்டருக்கு 0.6 மில்லி ஈக்குவலன்ட். இந்தக் கணக்கில் 380 லிட்டர் வந்திருக்க வேண்டும்.

மீதியைத் தின்பது கார்பன் டை ஆக்சைடு. மெம்பிரேன் உப்பைத்தான் தடுக்கும், கரைந்த வாயுவைத் தடுக்காது. கேஎச் 17, பிஎச் 7.2 உள்ள தண்ணீரில் அது லிட்டருக்கு சுமார் 37 மில்லிகிராம் இருக்கும், அத்தனையும் ஆர்ஓவைத் தாண்டி வந்துவிடும். டிடிஎஸ் மீட்டரும் அதைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாது. ரெசினுக்குள் நுழைந்ததும் ஆனயான் மணிகள் அதை பைகார்பனேட்டாக்கிப் பிடித்துக்கொள்ளும். 44 மில்லிகிராமுக்கு ஒரு மில்லி ஈக்குவலன்ட், ஆக லிட்டருக்கு 0.85 சுமை. உப்பின் 0.6ஐயும் கூட்டினால் 1.45. 230ஐ அதால் வகுத்துப் பாருங்கள், 158 லிட்டர் வரும்.

இம்போர்ட்டட் ரெசினிலும் இதே வேதியியல்தான். கொள்ளளவு 10 சதவீதம் கூடலாம், இருமடங்காகாது.

உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை: ஆர்ஓ தண்ணீரைப் பிடித்த உடனே பிஎச் பாருங்கள். அதே டம்ளரில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். ஒரு புள்ளிக்கு மேல் ஏறினால் திருடன் அதுதான்.

தீர்வு மலிவு. ஆர்ஓ தண்ணீரை நேராக டிஐக்கு விடாமல் 60 லிட்டர் உணவுத்தர டிரம்மில் பிடியுங்கள். ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும் போட்டு இரவு முழுக்கக் குமிழி விடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், கொசுவலைத் துணி கட்டினால் போதும். மறுநாள் சின்ன டயாஃப்ரம் பம்பால் டிஐ வழியாகத் தள்ளுங்கள், மணிக்கு 12 லிட்டருக்கு மேல் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு 4, 5 மில்லிகிராமுக்கு இறங்கினால் அதே 600 மில்லி ரெசின் 300 லிட்டருக்கு மேல் வரும்.

மணற்படுகை

மேலே சொன்னதோடு ஒன்று: ஆர்ஓவைத் தினமும் பத்துப் பத்து லிட்டராக ஓட்டுகிறீர்களா? நிறுத்தி வைத்த மெம்பிரேனின் இரு பக்கமும் உப்பு மெல்லச் சமமாகிவிடும். திறந்த முதல் சில நிமிடத் தண்ணீர் நூற்றுக்கு மேல் காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அது நேராக டிஐக்குப் போனால் ரெசினை வீணாகத் தின்னும். டிஐக்கு முன்னால் ஒரு டீ ஃபிட்டிங்கும் வால்வும் வைத்து, வழக்கமான 35க்கு இறங்கும் வரை சாக்கடைக்கு விடுங்கள். வாரம் இரண்டு முறை மொத்தமாக ஓட்டுவது இன்னும் நல்லது.

இனி வாங்குவது பற்றி. நம் ஊர்க் கடைகளில் "டிஐ ரெசின்" என்று கேட்டால் சாஃப்ட்னர் ரெசினைக் கட்டிக் கொடுப்பது சகஜம். பார்வைக்கு அதுவும் பழுப்பு மணிதான். அது கால்சியத்தை எடுத்து சோடியத்தைக் கொடுக்கும். டிடிஎஸ் அப்படியே நிற்கும். பையில் கேட்டயான் என்றால் எச் வடிவம், ஆனயான் என்றால் ஓஎச் வடிவம் என்று எழுதியிருக்க வேண்டும். சோடியம் வடிவம், குளோரைடு வடிவம் இரண்டும் வேண்டாம். சந்தேகமிருந்தால் 100 மில்லி ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ் 300 வரும்வரை உப்புப் போட்டு, இரண்டு ஸ்பூன் ரெசினைக் கொட்டி ஐந்து நிமிடம் கலக்குங்கள். நல்ல மிக்சட் பெட் என்றால் மீட்டர் தரைக்கு வந்துவிடும். சாஃப்ட்னர் ரெசின் அசையாது.

பை காற்றுப் புகாமல் இருக்கிறதா, மணிகள் ஈரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்து கிடந்த ரெசின் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடையே குடித்துப் பாதி தீர்ந்திருக்கும். மொட்டைமாடிக் கூரைக்கடியில் வைத்த ஆனயான் மீன் நாற்றம் அடிக்கும். வெயில் சூட்டில் அது சிதைந்து அமீன் விடுகிறது. லேசான வாடை பரவாயில்லை, முதல் சில லிட்டரைக் கொட்டிவிடுங்கள். மூக்கைப் பிடிக்கும் நாற்றம் என்றால் திருப்பிக் கொடுங்கள்.

நிரப்பும்போது ஹவுசிங்கைத் தட்டித் தட்டி, விளிம்புவரை இடைவெளியே இல்லாமல் நிரப்ப வேண்டும். நிற்க வைத்து, தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும்படி. படுக்க வைத்தால் மேல்பக்கம் இடைவெளி விழுந்து தண்ணீர் அதன் வழியே ஓடிவிடும். ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறிய கோடு மேலேறி, மறுபக்கம் புத்தம்புதிதாக இருந்தால் இதுதான் காரணம்.

நீலக்கிளிஞ்சல்

சோதனை செய்தேன்: பிஎச் 5.7 இருந்தது 7.2 ஆனது. டிரம் வாங்கப் போகிறேன். இரண்டு சந்தேகம். கண்ணாடியில் பழுப்புப் பாசி விடாமல் வருகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமுண்டா? தீர்ந்த ரெசினை ஆசிட், காஸ்டிக் சோடா வைத்து வீட்டிலேயே புதுப்பிக்கலாமா?

அயனிக்கணக்கு

நிறைய உண்டு. அது டையாட்டம், சிலிகா இருந்தால் வரும். ஆனயான் மணி சிலிகாவை மிகத் தளர்வாகத்தான் பிடித்திருக்கும். ரெசின் தீரும்போது குளோரைடு வந்து சிலிகாவையும் பைகார்பனேட்டையும் தள்ளிவிட்டு உட்காரும். அந்தச் சமயத்தில் உள்ளே போகும் தண்ணீரில் இருப்பதைவிட வெளியே வருவதில் சிலிகா அதிகமாக இருக்கும். மீட்டரில் அது தெரியாது. 3, 4 வரை ஓட்டியதுதான் பாசிக்குத் தீனி போட்டிருக்கும். 1 காட்டியதும் மாற்றுங்கள். ஆனயான் டைப் 1 ஆக இருக்கட்டும். டைப் 2 சிலிகாவைப் பிடிப்பதில் பலவீனம், சூடும் தாங்காது. சிலிகேட் டெஸ்ட் கிட் ஒன்று கையில் இருப்பது நல்லது.

மிக்சட் பெட்டை வீட்டில் புதுப்பிக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு வகை மணிகளையும் முதலில் முழுசாகப் பிரிக்க வேண்டும். ஆனயான் இலேசு, கேட்டயான் கனம். கீழிருந்து தண்ணீர் விட்டால் அடுக்காகப் பிரியும். ஆனால் நடுவில் கொஞ்சம் கலந்தே நிற்கும். அந்தக் கலவையில் காஸ்டிக் பட்ட கேட்டயான் மணி சோடியம் ஏறிக்கொண்டு, பிறகு அதையே தொட்டித் தண்ணீரில் விடும்.

செலவைக் குறைக்க வேறு வழி: தனித்தனி ஹவுசிங்கில் முதலில் கேட்டயான், அடுத்து ஆனயான், கடைசியில் மிக்சட் பெட். கேட்டயான் லிட்டருக்கு 1.8 ஈக்குவலன்ட் பக்கம் பிடிக்கும், ஆனயான் 1 தான். குமிழி விட்ட பிறகும் ஆனயானுக்குத்தான் சுமை கூட. அதனால் கேட்டயான் ஒரு முறை மாற்றுவதற்குள் ஆனயான் இரண்டு முறை மாறும். மிக்சட் பெட் பல மாதம் அசையாது. ஆலைகளில் கேட்டயானுக்கும் ஆனயானுக்கும் நடுவே வாயு நீக்கும் கோபுரமே வைப்பார்கள். காரணம் இதே கார்பன் டை ஆக்சைடுதான்.

மணற்படுகை

தனித்தனியாக வைத்தால் புதுப்பிப்பது சாத்தியம்தான்: கேட்டயானுக்கு 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஆனயானுக்கு 4 சதவீத காஸ்டிக், ரெசினின் கன அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு, அரை மணி நேரத்துக்கு மேல் மெதுவாக. கரைக்கவும் கழுவவும் ஆர்ஓ தண்ணீர் மட்டும். போர் தண்ணீர் காஸ்டிக்கோடு சேர்ந்தால் சுண்ணாம்பு படிந்து மணிகள் மூடிக்கொள்ளும். ஆசிடையும் காஸ்டிக்கையும் ஒரே வாளியில் பிடிக்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் தொட வேண்டாம். மாதம் 180 லிட்டருக்கு இந்த வம்பு தேவையா என்று யோசியுங்கள். கழுவவே நிறைய ஆர்ஓ தண்ணீர் போய்விடும்.

டிரம்முக்குப் பம்ப் வாங்கும்போது பித்தளை ஃபிட்டிங் இல்லாததாகப் பாருங்கள். டிஐ தண்ணீர் செம்பை அரிக்கும், செம்பு பவளத்துக்கும் நத்தைக்கும் விஷம். டிஐக்குப் பிறகு வரும் வால்வு, குழாய், சேமிப்புக் கேன் எல்லாம் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும்.