அம்புலன்ஸ் வேலையில் மனம் உடைந்தால் அது காயமா, லீவா?

உவர்மலை அக்கா:
என் தம்பி ஆறு வருசமாக அம்புலன்ஸில் போகிறான். எந்தச் சேவை என்று எழுதமாட்டேன், அவனுக்கு இன்னும் அங்கேதான் வேலை. போன மாரியில் ஒரு இரவு கந்தளாய் றோட்டில் லொறியும் ஓட்டோவும் மோதிய இடத்துக்கு முதல் போனது இவன்தான். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். பிள்ளை வண்டிக்குள்ளேயே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து வாசலில் சின்னச் செருப்பு கிடந்தால் எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறான். காலையில் என் மகனின் சப்பாத்தைத் தேடி வீடே அமளி. சைரன் சத்தம் அவனை ஒன்றும் செய்யாது. டியூட்டி அறை ஃபோன் மாதிரி ஏதாவது அடித்தால்தான் வியர்த்துக் கொட்டும்.

கிளினிக்கில் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்' என்று எழுதித் தந்தார்கள். வேலையிடத்தில் அதைப் பார்த்துவிட்டு இருந்த மெடிக்கல் லீவைக் கழித்தார்கள், அப்புறம் சம்பளமில்லா லீவு. அதே மாதம் அவனோடு போகிற பையனுக்கு ஸ்ரெச்சர் தூக்கி முதுகு பிடித்தது. அது மட்டும் வேலையில் வந்த காயமாம். சம்பளமும் வந்தது, மருந்துக் காசும் வந்தது. தம்பிக்கும் நட்டஈடு கேட்கலாமா?

ஓய்வு சார்ஜன்ட்:
தங்கச்சி, குறை நினைக்கவேண்டாம். 32 வருசம் பொலிஸில் இருந்தவன் சொல்கிறேன். சண்டைக்காலம் முழுக்க இந்தத் திருகோணமலையில்தான். 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று கடற்கரையில் எத்தனை பேரைத் தூக்கினேன் என்று எண்ணவில்லை. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மறுபடி டியூட்டி. அதற்குப் பிறகு ஒரு வருசம் மீன் வாயில் வைக்கவில்லை, அதற்கு யாரிடம் போய்க் காசு கேட்பது? இந்த வேலைக்கு வருகிறவன் தெரிந்துதானே வருகிறான். முதுகு என்றால் எக்ஸ்ரே எடுக்கலாம். நித்திரை வரவில்லை என்பதை எதில் எடுப்பது? இதற்குக் காசு என்று ஒரு வழி திறந்தால் முதல் வரிசையில் நிற்பவன் நோயாளியாக இருக்கமாட்டான்.

ஸ்காபரோ கோணேஸ்:
சார்ஜன்ட் அண்ணன், நான் பிறந்து வளர்ந்தது பெரியகடைப் பக்கம், இப்போது இருப்பது கனடாவின் ஒன்ராறியோவில். இங்கேயும் இதே பேச்சுத்தான் இருந்தது. 2016 ஏப்ரலில் சட்டத்தை மாற்றினார்கள். தீயணைப்புக்காரர், பொலிஸ், அம்புலன்ஸ்காரர், சிறைக் காவலர், அவசர அழைப்பை எடுத்து வண்டி அனுப்புகிறவர் வரைக்கும், மனநல வைத்தியரோ உளவியலாளரோ இந்த நோய் என்று உறுதிசெய்தால் அது வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். இல்லை என்றால் அதை மறுதரப்புத்தான் காட்டவேண்டும். 2018 இல் தாதிமாரையும் சேர்த்தார்கள். 'மேலதிகாரி இடமாற்றினார், தண்டித்தார், அதனால் வந்தது' என்றால் கிடையாது. சும்மா அழுதுகாட்டி வாங்குகிற காசில்லை அது.

சீனக்குடாக் கணக்கன்:
கோணேஸ் அண்ணன், கனடாவில் எல்லா முதலாளிமாரும் கட்டுகிற பொது நிதி ஒன்று இருக்கிறது. இங்கே சட்டப்படி நட்டஈடு கொடுக்கவேண்டியவர் அந்த ஒரு முதலாளிதான். நான் சம்பளக் கணக்கு எழுதுகிறவன், ஆளைப் பார்த்து இரக்கப்படாமல் கேட்கிறேன்: பத்துப் பேர் வேலை செய்கிற தீயணைப்புப் பிரிவில் மூன்று பேர் கேட்டால் என்ன ஆகும்? அடுத்த வருசம் புது ஆள் எடுக்கமாட்டார்கள். மிச்ச ஏழு பேரும் இரட்டை டியூட்டி செய்து அவர்களும் படுப்பார்கள்.

இன்னொன்று. புளோரிடாவும் 2018 இல் உடற்காயம் இல்லாமலே சம்பள இழப்புக்குக் காசு கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் எந்தெந்தச் சம்பவம் என்று பட்டியல் போட்டது, இறந்த பிள்ளையைக் கண்ணால் பார்த்தது அதில் ஒன்று. தெளிவான சான்றையும் கேட்டது. எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. 'எல்லாரும் உண்மை சொல்கிறார்கள் என்று தொடங்குவோம்' என்பது வீட்டுக்குச் சரி, காசுப் பெட்டிக்குச் சரிவராது.

ஸ்காபரோ கோணேஸ்:
தம்பி, பொது நிதி விசயத்தில் முழுக்கச் சரியில்லை. இங்கே பல மாநகரசபைகள் தங்கள் ஆட்களின் நட்டஈட்டைத் தாங்களேதான் கட்டுகின்றன. தீயணைப்பும் பொலிஸும் பெரும்பாலும் அவர்களிடம்தானே. செலவு ஏறுகிறது என்று முறைப்பாடும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் சான்று கேட்பது யாரிடம் என்று யோசியுங்கள். படுத்துக்கிடக்கிறவனிடம்.

மட்டிக்களி சட்டத்தரணி:
ஃபீஸ் இல்லாமல் எழுதுகிறேன், அந்த மதிப்போடு வாசியுங்கள். நமது தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கம். வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தால் வந்த காயம் என்பதுதான் அடிப்படை. பின்னால் உள்ள அட்டவணையில் கை போனால், கண் போனால், விரல் போனால் உழைக்கும் திறனில் எத்தனை வீதம் இழப்பு என்று போட்டிருக்கிறது. மனத்துக்கு அங்கே வரி கிடையாது. அதனால் எல்லாரும் முடியாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆனால் இதே சொற்கள் இருந்த ஆங்கிலச் சட்டத்தின் கீழ் 1910 இல் யேற்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளியின் வழக்கு வந்தது. பக்கத்தில் கூச்சல் கேட்டு ஓடிப்போய், மரம் விழுந்து நசுங்கிய கூட்டாளியைத் தூக்கிவந்தவர். கூட்டாளி செத்துப்போனார். இவருக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஆனால் அதிர்ச்சியில் வேலைக்குப் போக முடியவில்லை. அதுவும் விபத்தால் வந்த காயம்தான் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தூக்கப் போனவர், உவர்மலை அக்கா, கவனியுங்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று தருகிறேன். 1989 இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட மைதான நெரிசலில் 97 பேர் இறந்தார்கள். அங்கே நின்ற பொலிஸ்காரர் சிலர் மன அதிர்ச்சிக்கு வழக்குப் போட்டார்கள். 1998 இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. செத்தவர்களின் சொந்தக்காரருக்கே கிடைக்காதது பொலிஸுக்கு எப்படி என்ற சங்கடமும் அதில் இருந்தது. ஆனால் அது கவனயீனத்துக்குப் போட்ட வழக்கு. தொழிலாளர் நட்டஈட்டில் யார் பிழை என்ற கேள்வியே எழாது. இரண்டையும் குழப்பித்தான் பாதிப் பேர் சண்டைபிடிக்கிறார்கள்.

சார்ஜன்ட் ஐயா, மீன் தின்னாததற்குக் காசு கிடையாது, சரிதான். உழைக்க முடியாமல் போனதற்குத்தான் நட்டஈடு. கவலைக்கு அல்ல.

கிண்ணியா மிஸ்:
நான் தாதி. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. 2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்ததே, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போன அந்த மிதவைதான், முதலில் தண்ணீரில் குதித்தவர்கள் யூனிஃபோம் போட்டவர்களா? கரையில் நின்ற நம்முடைய ஆட்கள். அவர்களுக்கு முதலாளி யார்? எந்தச் சட்டத்தில் கேட்பது? கனடாப் பட்டியலும் வேண்டாம், புளோரிடாப் பட்டியலும் வேண்டாம், இரண்டிலும் அவர்கள் இல்லை.

அதற்காக அக்காவின் தம்பிக்குக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வார்டில் இதைச் சொல்ல ஆள் வரமாட்டார். சொன்னால் 'அங்கொடைக் கேஸ்', அதாவது மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஆள் என்று அடுத்த ஷிஃப்டுக்குள் பெயர் வந்துவிடும். பொய் சொல்லிக் காசு வாங்க வரிசை நிற்கும் என்கிறீர்கள் சார்ஜன்ட் சேர். அந்தப் பெயரை வாங்க எவன் வரிசையில் நிற்பான்?

ஓய்வு சார்ஜன்ட்:
மகளே, அதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனாலும் காசு என்று வந்தால் மனிசன் எதற்கும் நிற்பான், நான் பார்த்த மனிசர் அப்படி.

உவர்மலை அக்கா:
எல்லாருக்கும் நன்றி. வேலையிடத்தில் விபத்துப் படிவம் ஒன்று தந்தார்கள். இரண்டாவது வரியே 'விபத்து நடந்த திகதி, நேரம்'. கந்தளாய் இரவைத்தான் எழுதப்போனேன். தம்பி பேனாவைப் பிடித்துக்கொண்டு, 'அது இல்லை அக்கா, அதற்கு முதல் நிலாவெளியில் மூழ்கின பையன்' என்றான். அது மூன்று வருசத்துக்கு முந்தியது. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்தத் திகதியைப் போடுவது?

மட்டிக்களி சட்டத்தரணி:
யேற்ஸுக்கு ஒரே நாள், ஒரே சம்பவம். ஆறு வருசமாகச் சேர்ந்தது என்று எழுதினால் 'இது விபத்தே இல்லை' என்பார்கள். அவன் வேலைக்குப் போகமுடியாமல் நின்றது எந்த இரவுக்குப் பிறகோ அதைப் போடுங்கள். நிலாவெளியை மறைக்கவும் வேண்டாம், டொக்டரின் கடிதத்தில் வரட்டும்.

சீனக்குடாக் கணக்கன்:
நான் எதிர்த்ததே இதற்குத்தான். நாளைக்கு இதைக் கணக்கில் எந்த வருசத்தில் எழுதுவது?

ஓய்வு சார்ஜன்ட்:
தங்கச்சி, என் கருத்து மாறவில்லை. ஆனால் படிவம் கொடுக்க முதல் அந்த இரவின் பதிவுப் புத்தகப் பக்கத்தைப் பிரதி எடுத்து வை. எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தது எல்லாம் அதில் இருக்கும். வாயால் கேட்காதே, கடிதத்தில் கேள். கொடுத்த படிவத்தின் பிரதியில் திகதியோடு கையெழுத்தும் வாங்கு. நிலாவெளிப் பக்கத்தையும் கேள். மூன்று வருசப் புத்தகம் என்றால் கீழ் றாக்கையில் கறையான் அரித்துக் கிடக்கும், இப்போதே போ.