நாலாவது மாட்யூலைச் செருகினால் பெட்டியே உறைந்துபோகிறது (இஎஸ்பி32, ஐ2சி): உதவி தேவை

சிப்புட்_கைவேலை:

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

அம்மா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வலது கையில் பலம் இருக்கிறது, ஆனால் லேசாக நடுங்கும். காற்றாடி ரிமோட்டின் பொடிப் பட்டன்கள் அவருக்கு ஆகவில்லை. கைப்பேசித் திரை இன்னும் மோசம். அத்தனை வருஷம் உளி பிடித்துக் காய்த்த விரலை அந்தக் கண்ணாடி பாதி நேரம் கண்டுகொள்வதே இல்லை.

அதனால் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று செய்தேன். ஒரு ரப்பர் மரப் பலகை, அதில் வரிசையாக ஆறு சாக்கெட். எல்லாம் 3.5 மிமீ, நாலு முனை ஆடியோ சாக்கெட். மேலே செருக உள்ளங்கை அளவுப் பெட்டிகள் நாலு: மணிக்குப் பெரிய சிவப்புப் பட்டன், காற்றாடிக்கு நெம்பு சுவிட்ச், விளக்குக்கு மஞ்சள் பட்டன், மின்னல் எஃப்எம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு குமிழ். ஒவ்வொன்றுக்குள்ளும் கடையில் ரெடியாகக் கிடைக்கும் பிசிஎஃப்8574 போர்டு (பட்டன் நிலையை ஐ2சி என்ற இரண்டு கம்பித் தடத்தில் சொல்லும் சிப்), முகவரி 32 முதல் 35 வரை. எந்தப் பெட்டியை எந்தச் சாக்கெட்டில் செருகினாலும் முகவரியைப் பார்த்து பலகையில் இருக்கும் இஎஸ்பி32 (நிரல் ஓடும் குட்டிக் கணினி போர்டு) அடையாளம் தெரிந்துகொள்ளும். காற்றாடியும் விளக்கும் ஒரே ரிமோட் என்பதால் இன்ஃப்ராரெட் எல்இடி போதும், 240 வோல்ட் பக்கம் நான் போகவே இல்லை. ரேடியோ ஒரு பழைய கைப்பேசியில் ஓடுகிறது, அதற்கு புளூடூத். மணி சமையலறையில் இருக்கும் இன்னொரு இஎஸ்பி32இல் அடிக்கும்.

இப்போது பிரச்சினை மூன்று.

ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது எதையாவது செருகினால் போர்டு ரீபூட் ஆகிறது. சீரியல் திரையில் பிரவுன்அவுட் (வோல்ட் இறங்கிவிட்டது) என்று வருகிறது.

இரண்டு, மூன்று பெட்டி வரை எல்லாம் ஒழுங்கு. நாலாவதைச் செருகினால் முகவரிகளைத் தேடும் ஸ்கேனில் ஒன்றுமே தெரிவதில்லை, ஏற்கெனவே வேலை செய்த மூன்றும் சேர்ந்து காணாமல் போகின்றன. எந்தப் பெட்டி நாலாவது என்பதில் வித்தியாசம் இல்லை.

மூன்று, இடது ஓரச் சாக்கெட் லூஸ் என்று நினைக்கிறேன். மணிப் பட்டன் அங்கேதான் இருக்கிறது. நான் அழுத்தினால் பத்துக்குப் பத்தும் அடிக்கிறது. அம்மா தனியாக இருக்கும்போது அடிப்பதே இல்லை. பதிவைத் திறந்து பார்த்தால் அழுத்தியதற்கான தடமே இல்லை.

தைப்பிங்_மழை:

பிரவுன்அவுட் என்றாலே சார்ஜர்தான் அண்ணே. நல்ல 2 ஆம்பியர் சார்ஜர், தடித்த கேபிள், 3.3 வோல்ட்டுக்கும் தரைக்கும் (கிரவுண்ட்) நடுவே ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஐ2சி வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10க்கு இறக்கிப் பாருங்கள். மூன்றும் சரியாகிவிடும்.

சிப்புட்_கைவேலை:

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன் தம்பி. ரீபூட் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. நாலாவது பெட்டி அப்படியே.

ஈப்போ_ரேடியோக்காரர்:

தம்பி, சார்ஜரை விடு. அந்த பிசிஎஃப் போர்டில் எள்ளு மாதிரி கறுப்பு ரெசிஸ்டர் இருக்கும். எஸ்டிஏ (தரவுக் கம்பி), எஸ்சிஎல் (துடிப்புக் கம்பி) கால்களுக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டில் என்ன எண் போட்டிருக்கிறது? கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்.

சிப்புட்_கைவேலை:

102 என்று இருக்கிறது ஐயா. நாலு போர்டிலும் அதே.

ஈப்போ_ரேடியோக்காரர்:

நினைத்தேன். 10க்குப் பின்னால் இரண்டு சுழியம், 1000 ஓம்.

ஐ2சியில் கம்பியை யாரும் மேலே தள்ளுவதில்லை. சிப் ஒவ்வொன்றுக்கும் கீழே இழுக்க மட்டும்தான் தெரியும், விட்டால் மேலே தூக்குவது அந்த ரெசிஸ்டர். ஒரு கம்பிக்கு ஒரு ரெசிஸ்டர் போதும். உன் பெட்டி ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்து பக்கவாட்டில் இணைக்கிறது. இரண்டு பெட்டி என்றால் 500 ஓம், மூன்று என்றால் 333, நாலு என்றால் 250. 3.3 வோல்ட்டை 250ஆல் வகுத்தால் 13 மில்லிஆம்பியர். பிசிஎஃப்8574 தன் எஸ்டிஏ காலில் உறுதியாக இழுப்பேன் என்று சொல்வது 3 மில்லிஆம்பியர். உண்மையில் இரண்டாவது பெட்டியிலேயே நீ எல்லை தாண்டிவிட்டாய். மூன்று வரை ஓடியது அந்தச் சிப்பின் நல்ல குணம்.

இந்தத் தடம் 1982இல் பிலிப்ஸ் உருவாக்கியது. நான் கடை வைத்திருந்த காலத்தில் டிவிப் பெட்டிக்குள் டியூனர் சிப்பும் மெமரி சிப்பும் பேசிக்கொள்ள இதுதான் ஓடும். ஒரே போர்டில் சில அங்குல தூரம். பிறந்தது முதல் சாகும் வரை யாரும் கழற்ற மாட்டார்கள். நீ அதைக் கழற்றி மாட்டுகிற கம்பியில் ஓட்டுகிறாய். ஓட்டலாம், ஆனால் அதற்கு ஏற்ற மரியாதை கொடுக்க வேண்டும்.

நாலு பெட்டியிலும் அந்த இரண்டு ரெசிஸ்டரையும் சோல்டர் அயனால் தட்டி எடுத்துவிடு. அடிப்பலகையில் மட்டும் ஒரு ஜோடி 4.7 கிலோஓம் போடு. அப்புறம் ஆறு சாக்கெட்டிலும் பெட்டி மாட்டினாலும் இழுக்கிற பாரம் மாறாது.

சிப்புட்_கைவேலை:

தட்டுவதற்கு முன்னால் மின்சாரத்தை எடுத்துவிட்டு, எஸ்டிஏவுக்கும் 3.3க்கும் நடுவே மீட்டர் வைத்தேன். நாலு பெட்டியோடு 248 ஓம். தட்டிய பின் பலகையின் 4.7 கிலோஓம் மட்டும். இப்போது நாலும் தெரிகின்றன! ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ரீபூட் மட்டும் நிற்கவில்லை. 2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் 3.5 மிமீ துளை 19 இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் இந்தச் சாக்கெட்டை எடுத்தேன். அவர்களுக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆவதில்லை?

ஈப்போ_ரேடியோக்காரர்:

அங்கே செருகுவது பெரும்பாலும் வெறும் சுவிட்ச். உள்ளே போகும் வழியில் முனைகள் குறுக்கே தொட்டாலும் ஒரு கணம் பட்டனை அழுத்தினது மாதிரி, அவ்வளவுதான். உன் பிளக்கில் மின்சாரமே போகிறது. எந்த வளையத்தில் எதைப் போட்டாய்?

சிப்புட்_கைவேலை:

அடித்தண்டு தரை, அதற்கு அடுத்த வளையம் 3.3 வோல்ட், அப்புறம் எஸ்டிஏ, நுனி எஸ்சிஎல்.

ஈப்போ_ரேடியோக்காரர்:

அதுதான். பிளக்கை மெதுவாக உள்ளே தள்ளிப் பார். நுனி முதலில் தரைத் தொடுமுனையைத் தாண்டும், தாண்டும்போது பக்கத்துத் தொடுமுனையையும் சேர்த்துத் தொடும். பக்கத்தில் நீ வைத்திருப்பது 3.3 வோல்ட். நேர் ஷார்ட். போர்டு பிழைத்துக் கிடப்பதே பெரிய விஷயம். இரண்டாகப் பிளந்த கீபோர்டு செய்கிறவர்களும் இதே பிளக்கைப் போட்டுவிட்டு, ஓடும்போது கழற்றாதே என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆடியோ பிளக்கைத் தூக்கிப் போடு. காந்தம் வைத்த ஸ்பிரிங் முள் இணைப்பு, போகோ பின் என்று கேள். தரை முள்ளை மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் உயரமாக வை, அது முதலில் தொட்டுக் கடைசியில் விடட்டும். இரண்டு ஓரத்துக் காந்தங்களின் துருவத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக வை, திருப்பி வைத்தால் பெட்டியே தள்ளிவிடும்.

இன்னொன்று. பேச்சு நடுவில் யாராவது பெட்டியைப் பிடுங்கி மாட்டினால், அந்தக் குழப்பத்தில் ஏதாவது ஒரு சிப் எஸ்டிஏவைக் கீழே பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கலாம். அப்படி ஆனால் எஸ்சிஎல்லில் ஒன்பது துடிப்பு விட்டால் கையை எடுத்துவிடும். அதை நிரலில் சேர்த்துவிடு.

தைப்பிங்_மழை:

ஐயா சொன்னது சரி, என் சார்ஜர் பதிலை யாரும் பின்பற்ற வேண்டாம் 😅

பெட்டி தன் அடையாளத்தைத் தானே சொல்கிற யோசனை நன்றாக இருக்கிறது அண்ணே. 2001இல் கால்கரி பல்கலைக்கழகத்தில் கிரீன்பெர்க்கும் ஃபிட்செட்டும் ஃபிட்ஜெட்ஸ் என்று கொண்டுவந்ததும் இந்த வழிதான். வன்பொருளைச் செருகினால் அது யார் என்று நிரலுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அம்மா மாதிரி வயதானவர்கள் இடத்தை வைத்துத்தானே ஞாபகம் வைப்பார்கள்? வேலையைப் பெட்டிக்குக் கொடுக்காமல் சாக்கெட்டுக்குக் கொடுங்கள். இடது ஓரம் என்றால் எப்போதும் மணி.

கூலிம்_அக்கா:

அதைச் செய்யாதீர்கள் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நான் ரீஹாப் பிரிவில் வேலை செய்கிறேன், எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தெரியாது. மூன்றாவது பிரச்சினையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

சிப்புட் தம்பி, அம்மா மணி அடிக்க முயலும்போது பக்கத்தில் இருந்து பார்த்தீர்களா? அவர் கை இடது ஓரம் வரை போகிறதா? சாப்பிடும்போது தட்டில் இடது பக்கச் சோறு அப்படியே மிஞ்சுகிறதா?

சிப்புட்_கைவேலை:

அக்கா, இதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. சோறு மிஞ்சும். பசி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது போய் "மணி எங்கே இருக்கிறதும்மா?" என்று கேட்டேன். பலகையை வலமிருந்து தடவிக்கொண்டே வந்து நடுவில் நின்றுவிட்டார். "பலகை இவ்வளவுதானே" என்கிறார்.

கூலிம்_அக்கா:

சாக்கெட்டில் கோளாறு இல்லை. மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு உடம்பு இடது பக்கம் விழுவதோடு, இடது பக்க உலகமே கவனத்தில் இல்லாமல் போய்விடும். கண் நன்றாகத் தெரியும், ஆனாலும் அந்தப் பக்கம் பார்க்கத் தோன்றாது. அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பலருக்கு நாளாக நாளாகக் குறையும்.

அதுவரை மணி வலது பக்கம் வரட்டும், அது ஆபத்துக்கு உதவுகிற சாமான். பலகையின் இடது ஓரத்தில் அகலமான சிவப்பு டேப் ஒன்று ஒட்டுங்கள். சிவப்பு தெரிகிற வரை தேடிப் பாருங்கள் என்று பழக்குங்கள், நாங்களும் அப்படித்தான் செய்வோம். தேறத் தேற ஒவ்வொரு பெட்டியாக இடது பக்கம் நகர்த்தலாம். வேலை பெட்டியோடு போக வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

நடுக்கத்துக்கும் ஏதாவது செய்யுங்கள். ஒரு தடவை அழுத்தினால் மூன்று தடவை அடிக்கும் அல்லவா?

சிப்புட்_கைவேலை:

அடிக்கும் அக்கா, சமையலறையில் தங்கச்சி அலறிக்கொண்டு ஓடி வருவாள். பட்டன் துள்ளலுக்கு (ஒரே அழுத்தலில் தொடுமுனை பல தடவை தொட்டு விடுவது) 20 மில்லிசெகண்ட்தான் விட்டிருந்தேன். இப்போது மணிக்கு மட்டும், ஒரு தடவை அடித்த பின் 800 மில்லிசெகண்ட் எதையும் கேட்காதே என்று மாற்றிவிட்டேன்.

சிப்புட்_கைவேலை:

பத்து நாள் கழித்து வருகிறேன். போகோ பின் வந்து மாட்டியாயிற்று, ஓடும்போதே கழற்றினாலும் ரீபூட் இல்லை. மணியை வலது ஓரத்துக்குக் கொண்டுபோக நிரலில் ஒரு வரி கூடத் தொடவில்லை.

ஆடியோ பிளக்கில் அம்மாவால் ஒரு கையால் எதையும் பிடுங்க முடியாது, பலகையும் சேர்ந்து வரும். காந்தம் என்பதால் நேற்று அவரே பெட்டிகளை மாற்றி வைத்திருக்கிறார். மணியை ஓரத்திலிருந்து எடுத்து இரண்டாவது இடத்தில் வைத்து, ஓரத்தில் ரேடியோ. கேட்டால், "மணி முழங்கையில் இடிச்சிக்கிட்டே இருக்கு, நீ வச்ச இடம் சரியில்ல" என்றார்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். இரண்டு நாள் அடைமழை பெய்ததும் முள் முனை லேசாகக் கறுத்து, குமிழ் பெட்டி விட்டு விட்டுத் தெரிகிறது.

தைப்பிங்_மழை:

மழையைப் பற்றி எங்கள் ஊர்க்காரனிடம் கேளுங்கள் அண்ணே. பள்ளிக்கூடப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். அடுத்த தடவை வாங்கும்போது தங்க முலாம் பூசியதா என்று கேட்டு வாங்குங்கள்.